கார் பட்டறையில் நியாயமான கட்டணம்: பயனீட்டாளர் அறிய வேண்டியவை

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் நம்மவர் பலருக்குப் பழக்கமான ஒரு பட்டறை இருக்கும். "நம்ம ஆள்தானே" என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறோம். விலை பேசுவதில்லை, ரசீதும் கேட்பதில்லை. பிறகு பில்லைப் பார்த்ததும்தான் மனக்கசப்பு தொடங்குகிறது. சட்டம் இதில் என்ன சொல்கிறது?

சட்டத்தின் பாதுகாப்பு

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் பழுதுபார்க்கும் வேலைக்கும் பொருந்தும். வேலை தகுந்த கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும் என்கிறது 53ஆவது பிரிவு. முன்கூட்டியே விலை பேசாவிட்டால் நியாயமான விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை என்கிறது 56ஆவது பிரிவு. ஆனால் பேசி ஒப்புக்கொண்ட விலையை, பிறகு அதிகம் என்று சொல்லித் தட்டிக்கழிப்பது கடினம்.

விலை ஏன் மாறுகிறது?

ஒரே பழுதுக்கு இரண்டு பட்டறைகள் இரண்டு விலை சொன்னால், ஒருவர் ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கார் நிறுவனத்தின் அசல் பாகம், வேறு நிறுவனம் தயாரித்த மாற்றுப் பாகம், ஹாஃப் கட் காரிலிருந்து கழற்றிய பழைய பாகம் என மூன்றுக்கும் மூன்று விலை. பழுதைக் கண்டுபிடிக்கவும் மெக்கானிக்கின் நேரம் செலவாகிறது. அதற்குக் கூலி கேட்பது தவறல்ல. மாற்றுப் பாகத்தைப் பூட்டிவிட்டு அசலுக்கு விலை போடுவதுதான் மோசடி.

சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 8 விழுக்காடு. வரிக்குப் பதிவு பெறாத பட்டறை அதை வசூலிக்க முடியாது.

சாவியைக் கொடுக்கும் முன்

- பாகத்தின் விலையையும் கூலியையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். வாட்ஸ்அப் செய்தியும் பிற்பாடு சாட்சியாக உதவும்.
- பாகம் எந்த வகை, எத்தனை மாத உத்தரவாதம் என்று கேளுங்கள்.
- கூடுதல் வேலை இருந்தால், என்னைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.
- கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

தகராறு வந்தால்

கோபத்தில் உடனே வேறு பட்டறைக்கு ஓட வேண்டாம். குறையைச் சரிசெய்ய முதலில் அதே பட்டறைக்கு வாய்ப்புக் கொடுங்கள். அவர்கள் மறுத்தால் அல்லது இழுத்தடித்தால், வேறிடத்தில் சரிசெய்து அந்தச் செலவைக் கோரலாம். கூலி பாக்கி இருக்கும்வரை காரைப் பிடித்து வைத்துக்கொள்ள 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பட்டறைக்கு இடம் கொடுக்கிறது. அவசரமாகக் கார் தேவைப்பட்டால், ஆட்சேபத்தை எழுத்தில் தெரிவித்து, பணம் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு பிறகு வழக்காடுவது நல்லது.

மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான். 2019 முதல் 50,000 வெள்ளி வரை கோரலாம். சம்பவம் நடந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வாதாட முடியாது என்பதால் எதிர்த்தரப்பின் பணபலம் அங்கு எடுபடாது. தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாதது குற்றம். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் 1-800-886-800 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

நேர்மையான மெக்கானிக்குகள் நம்மிடையே நிறையவே இருக்கிறார்கள். எழுத்தில் இருக்கும் விலை அவர்களுக்கும் பாதுகாப்புதான்.