60 வயசுக் கோடு போட்டது யார்?

1/ "லிம்போமா திரும்ப வந்துடுச்சு. ஆனா 60 தாண்டிட்டதால ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை பண்ண முடியாது." இந்தப் பேச்சு இன்னும் ஓடிக்கிட்டேதான் இருக்கு. அந்த 60 எங்கிருந்து வந்துச்சு? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

2/ முதல்ல அடிப்படை. லிம்போமா என்பது நிணநீர் மண்டலப் புற்றுநோய். கீமோ முடிஞ்சு நோய் திரும்பினா, வழக்கமான அளவு மருந்து பல நேரம் போதாது. அளவை ரொம்ப ஏத்தினா புற்று சாகும், எலும்பு மஜ்ஜையும் சேர்ந்து அழியும். அதனால நோயாளியின் ஸ்டெம் செல்லை முன்கூட்டியே எடுத்து உறைய வச்சு, கீமோவுக்குப் பிறகு ரத்தம் ஏத்துற மாதிரி ஏத்துவாங்க. புற்றைக் கொல்றது மருந்து. அழிஞ்ச மஜ்ஜையை மீட்கிறதுதான் ஸ்டெம் செல்லின் வேலை.

3/ ஆரம்பம் சோகம்தான். 1957-ல் அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ், வேறொருவரின் மஜ்ஜையை 6 நோயாளிகளுக்குச் செலுத்திய அனுபவத்தை வெளியிட்டார். யாரும் நீண்ட நாள் பிழைக்கல. அவர் விடல. 1990-ல் நோபல் பரிசு வந்தது.

4/ லிம்போமாவில் திருப்புமுனை 1995. 'பார்மா' ஆய்வு. இத்தாலியின் பார்மா நகர்ப் பெயர். முன்னின்று நடத்தியவர் பிரான்ஸின் தியரி பிலிப். நோய் திரும்பிய 215 பேரில், கீமோவுக்குக் கட்டுப்பட்ட 109 பேரை இரண்டாகப் பிரிச்சாங்க. 5 ஆண்டில் உயிரோடு இருந்தவர்கள்: மாற்று சிகிச்சையில் 53%, வெறும் கீமோவில் 32%.

5/ அந்த ஆய்வில் சேர உச்ச வயது 60. பயம் நியாயமானதுதான். வெள்ளை அணுக்கள் இல்லாத வாரங்களில் ஒரு தொற்று போதும். வயதான இதயமும் சிறுநீரகமும் அத்தனை மருந்தைத் தாங்குமா?

6/ ஆனா ஒண்ணு கவனிங்க. 60-க்கு மேல் இது பலிக்காதுன்னு அந்த ஆய்வு சொல்லவே இல்ல. அவங்களைச் சேர்க்கல, அவ்வளவுதான். நாளடைவில் 'சோதிக்கல' என்பது 'கூடாது'ன்னு ஆயிடுச்சு. இத்தனைக்கும், வேகமா வளரும் லிம்போமாவில் அதிகம் காணப்படும் வகை, மேலை நாடுகளில் பாதிக்கு மேல் 60 தாண்டியவர்களுக்குத்தான் வருது.

7/ கோடு மெல்ல அழிந்தது. முதல் காரணம் ஜி-சிஎஸ்எஃப் ஊசி. இடுப்பெலும்பைத் துளைச்சு மஜ்ஜை எடுத்த காலம் போய், 1990-களில் டயாலிசிஸ் போன்ற ஒரு இயந்திரம் மூலம் ரத்தத்திலிருந்தே ஸ்டெம் செல் எடுக்க ஆரம்பிச்சாங்க. அணுக்கள் சீக்கிரம் ஏறின. ஆபத்தான நாட்கள் குறைஞ்சது.

8/ இரண்டாவது, சியாட்டிலில் ரெய்னர் ஸ்டார்ப் குழு. நாய்களில் பல ஆண்டு சோதிச்ச பிறகு வந்த யோசனை: மஜ்ஜையை முழுசா அழிக்க வேண்டாம், குறைந்த கதிர்வீச்சு கொடுத்து, கொடையாளரின் எதிர்ப்பு அணுக்களையே புற்றோடு மோத விடலாம். அந்த அணுக்கள் நோயாளியின் உடலையும் தாக்கலாம், அது பெரிய சிக்கல். ஆனாலும் முதியவர்களுக்குக் கதவு திறந்தது. 2011-ல் லிம்போமா உள்ளிட்ட ரத்தப் புற்றுநோய்கள் உள்ள, 60 முதல் 75 வயதான 372 பேரின் முடிவுகள் வந்தன. 5 ஆண்டில் 35% பேர் உயிரோடு. 60-களின் தொடக்கமா 70-ஆ என்பது பெரிய வித்தியாசம் செய்யல. கூட இருந்த மற்ற நோய்கள் செய்தன.

9/ மூன்றாவது, 2005-ல் முகமது சொரோர் குழு போட்ட மதிப்பெண் பட்டியல். இதயம், நுரையீரல், கல்லீரல், சிறுநீரகம், சர்க்கரை நோய் எல்லாத்துக்கும் புள்ளி உண்டு. வயசுக்குப் புள்ளியே இல்ல!

10/ இப்போ கதை இன்னும் நகர்ந்திருக்கு. நோயாளியின் டி-அணுக்களை மரபணு மாற்றித் திரும்பச் செலுத்தும் கார்-டி சிகிச்சை, ஓராண்டுக்குள் திரும்பிய லிம்போமாவில் மாற்று சிகிச்சையையே முந்தியது. 2022-ல் அமெரிக்கா இதற்காக அனுமதி கொடுத்தது. அதற்கு அடிப்படையான ஆய்வில் வயது உச்சவரம்பு வைக்கல. 80 தொட்டவர்களும் சேர்ந்தாங்க.

11/ இதனால எல்லா முதியவருக்கும் செய்யணும்னு அர்த்தம் இல்ல. 58 வயசில் தாங்க முடியாதவர் உண்டு, 68-ல் தாங்குறவர் உண்டு. 'வயசாயிடுச்சு'ன்னு யாராவது சொன்னா இதைக் கேளுங்க: எக்கோ எப்படி இருக்கு? சிறுநீரகம், நுரையீரல்? தன் வேலையைத் தானே செய்றாரா? புற்று கீமோவுக்குக் கட்டுப்பட்டதா?

இவற்றைப் பார்த்துட்டு 'வேண்டாம்'னு சொன்னா, அது மருத்துவ முடிவு. ஏத்துக்கலாம். ஆதார் அட்டையில் பிறந்த தேதியை மட்டும் பார்த்துச் சொன்னா, இன்னொரு மருத்துவரிடமும் கருத்துக் கேளுங்க.