மேச்சேரி ஆடு: வளர்ச்சியும் இறைச்சித் தரமும்

மேச்சேரி ஆடு என்பது தமிழ்நாட்டின் இறைச்சி வகைச் செம்மறி ஆட்டினங்களுள் ஒன்றாகும். சேலம் மாவட்டத்தில் மேட்டூருக்கு அருகிலுள்ள மேச்சேரி என்னும் ஊரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. மயிலம்பாடி ஆடு என்ற பெயரும் இதற்கு உண்டு. சேலம், நாமக்கல், ஈரோடு, கரூர், தருமபுரி ஆகிய மாவட்டங்களில் இது வளர்க்கப்படுகிறது. ஆட்டின் எடையை மட்டும் கூட்டுவதா, இனத்தின் பிற பண்புகளையும் காத்துக்கொண்டே கூட்டுவதா என்ற கேள்விக்கு இவ்வினத்தின் வரலாறு நல்ல எடுத்துக்காட்டாக அமைகிறது.

இனம் உருவான சூழல்

இப்பகுதி மழை குறைந்த மானாவாரி நிலமாகும். கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடுகளிலும், அறுவடை முடிந்த வயல்களிலும் ஆடுகள் மேய்ந்தன. கோடையில் தீவனம் குறையும். வெயிலில் நெடுந்தொலைவு நடக்க வேண்டும். இதைத் தாங்கிய ஆடுகளே பிழைத்து ஈன்றன. அவற்றின் குட்டிகளுள் நன்கு வளர்ந்தவற்றையே ஆடு வளர்ப்போர் பொலிகிடாவாக நிறுத்திக்கொண்டனர். மரபியல் என்ற சொல் அறியப்படுவதற்கு நெடுங்காலம் முன்பே இவ்வகைத் தேர்வு நடந்துவந்தது.

இவ்வாறு உருவான ஆடு நடுத்தர உடலும் வெளிர் பழுப்பு நிறமும் கொண்டது. கிடா, பெட்டை இரண்டுக்கும் பொதுவாகக் கொம்பு இல்லை. உடலில் கம்பளி இல்லாமல் குட்டை மயிரே காணப்படும். வளர்ந்த கிடா சுமார் 35 கிலோவும் பெட்டை சுமார் 22 கிலோவும் எடை இருக்கும். இறைச்சியைப் போலவே இதன் தோலும் பெயர் பெற்றது.

ஆராய்ச்சி நிலையம்

1978ஆம் ஆண்டு சேலம் மாவட்டம் பொட்டனேரியில் மேச்சேரி செம்மறி ஆடு ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் 1989இல் உருவான பின்னர் இந்நிலையம் அதன்கீழ் வந்தது. தூய மேச்சேரி ஆடுகளைப் பேணுவதும், தேர்ந்தெடுத்த கிடாக்களை உழவர்களுக்கு வழங்குவதும் இதன் முதன்மைப் பணிகளாகும்.

குட்டியின் எடை முழுவதும் அதன் சொந்த மரபணுக்களால் வருவதன்று. பிறந்த எடையிலும் பால் மறக்கும் பருவத்து எடையிலும் தாயின் உடல்நிலையும் பாலும் பெரும்பங்கு வகிக்கின்றன. வயது கூடக்கூடத் தாயின் தாக்கம் குறைந்து, குட்டியின் சொந்தத் திறன் வெளிப்படுகிறது. எனவே இறைச்சி வகை ஆடுகளில் ஆறு மாத எடை போன்ற அளவுகள் தேர்வுக்குப் பயன்படுகின்றன. ஒரு கிடா பல பெட்டைகளுக்குத் தந்தையாவதால், கிடாத் தேர்வே மந்தையை விரைவில் மாற்றுகிறது. அதே காரணத்தால் ஒரே கிடாவை நெடுநாள் வைத்திருந்தால் உறவுக்கலப்பு மிகுந்து குட்டிகள் நலிவடையும்.

கலப்பா, தேர்வா?

1970களில் நாட்டின் சில ஆராய்ச்சி நிலையங்களில் டார்செட், சஃபோக் போன்ற அயல்நாட்டுக் கிடாக்களுடன் நாட்டு ஆடுகள் கலக்கப்பட்டன. விரைந்த வளர்ச்சியே நோக்கம். ஆனால் அவை குளிர்நாட்டுக் கம்பளி இனங்கள். வெயிலையும் குறைந்த தீவனத்தையும் தாங்கும் திறன் அத்தகைய கலப்பில் குறையக்கூடும். மயிரின ஆட்டின் தோல் கம்பளி ஆட்டின் தோலைவிட இறுக்கமானது என்பதால், மேச்சேரி போன்ற இனத்தில் தோலின் தரமும் கெடக்கூடும். 1990இல் தொடங்கிய தேசியச் செம்மறி ஆடு மேம்பாட்டுத் திட்டம், நாட்டு இனங்களுக்குள்ளேயே சிறந்தவற்றைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு முதன்மை அளித்தது.

எடையும் தரமும்

வளர்ச்சியும் இறைச்சித் தரமும் எப்போதும் சேர்ந்தே கூடுவதில்லை. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ராபர்ட் பேக்வெல் தேர்வு முறையால் விரைந்து வளரும் புதிய லெஸ்டர் இனத்தை உருவாக்கினார். அதன் இறைச்சியில் கொழுப்பு மிகுந்திருந்தது. 1980களில் அமெரிக்காவின் டார்செட் ஆடுகளில் காலிபைஜ் என்னும் மரபணு மாற்றம் கண்டறியப்பட்டது. தந்தையிடமிருந்து மட்டும் இதைப் பெற்ற குட்டிகளுக்குத் தொடைச்சதை பெரிதாகத் திரண்டது; ஆனால் இறைச்சி கடினமாக இருந்தது. அறுத்த பின்னர் கால்பெய்ன் என்னும் நொதி தசைப் புரதங்களைச் சிதைத்து இறைச்சியை மென்மையாக்கும். இந்த ஆடுகளில் அதைத் தடுக்கும் கால்பஸ்டாட்டின் மிகுதியாக இருந்ததே காரணம்.

இன்றைய நிலை

பெரிய உருவத்திற்காகப் பிற இனக் கிடாக்களைத் திட்டமின்றிச் சேர்ப்பதால் தூய மேச்சேரி மந்தைகள் குறையும் வாய்ப்புள்ளது. முதல் தலைமுறைக் குட்டிகள் எடை கூடலாம்; ஆனால் பல தலைமுறைகளில் சேர்ந்த வறட்சி தாங்கும் திறனையும் தோல் தரத்தையும் இழந்தால் மீண்டும் பெறுவது அரிது. தூய கிடாக்களை மந்தைகளுக்குள் சுழற்சியாகப் பயன்படுத்துவதும், எடைப் பதிவேடு வைப்பதும் இவ்வினத்தைக் காக்கும் எளிய வழிகளாகும்.