பொரோதின் ரெண்டு தடவை வரும்

போன ஞாயித்துக்கிழமை பரண் ஒழிச்சேன். (தங்கமணி ஒழிக்கச் சொன்னாங்க, நான் ஒழிச்சேன்.) பழைய பாஸ்புக், ஓடாத மிக்ஸி, கும்பகோணத்துலேர்ந்து கொண்டுவந்து ஒரு தடவைகூட பயன்படுத்தாத இட்லிக் கொப்பரை எல்லாத்துக்கும் அடியில ஒரு அட்டைக் கிரீடம் கிடந்துச்சு. தங்கக் காகிதம் பாதி உரிஞ்சு போச்சு. "தூக்கிப் போட்டுடலாம்ப்பா"ன்னா பத்தாவது படிக்கிற பொண்ணு. "அது என்னுது, தொடாத"ன்னு பையன் பாஞ்சு வந்து பிடுங்கிட்டுப் போயிட்டான். அதான் கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுச்சு.

நாங்க சால்ட் லேக்குக்கு வந்தது 2018 ஜூன்ல. இந்த ஊரைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன். ஒரு காலத்துல இது வெறும் உப்புத்தண்ணிச் சதுப்பு. பிதான் சந்திர ராய் முதலமைச்சரா இருந்தப்போ, யூகோஸ்லாவியாவைச் சேர்ந்த டோப்ரிவோயே தோஷ்கோவிச்னு ஒருத்தர் திட்டம் போட்டுக் கொடுக்க, 1962லேர்ந்து ஹூக்ளி ஆத்து வண்டலைக் குழாய்ல இறைச்சுக் கொண்டுவந்து கொட்டி மேடாக்கினாங்க. தெருவுக்குப் பேர் கிடையாது, ஏஏ, பிபி, எஃப்டின்னு பிளாக்குதான். வழி கேட்டா தண்ணி டேங்க் நம்பர் சொல்லுவாங்க. சுத்தமான, அமைதியான, ஆனா பழங்கதை எதுவும் இல்லாத இடம். கதை வேணும்னா நகரத்துக்குள்ள போகணும்.

அந்த முதல் டிசம்பர்ல பெரிய குழப்பம் எங்களுக்கு. தீபாவளி அன்னிக்கு இங்க காளி பூஜை. வெடி இருக்கு, ஆனா விடிகாலை எண்ணெய்க் குளியலும் இல்ல, லேகியமும் இல்ல. பொங்கலுக்குப் பிள்ளைங்களுக்கு லீவு கிடையாது. கிறிஸ்துமஸ்னு வந்தா மட்டும் ஊரே கிளம்பிடுது! எங்க பிளாக்ல எனக்குத் தெரிஞ்சு ஒரு கிறிஸ்தவக் குடும்பம்கூட இல்ல, ஆனா பாதி பால்கனியில காகித நட்சத்திரம். கீழ்வீட்டு தாதா காலையில ராமகிருஷ்ணர் படத்துக்குப் பூ வைச்சுட்டு, சாயங்காலம் கேக் வாங்க வரிசைல நிக்கப் போறார். பொண்ணு அப்போ மூணாவது. "அப்பா, இது நம்ம பண்டிகையா, இல்லையா?"ன்னு கேட்டா. எனக்குப் பதில் தெரியல. பி.காம்ல இதெல்லாம் சொல்லித் தரலை :-)

அப்புறம் படிச்சும் விசாரிச்சும் தெரிஞ்சுகிட்டதைத்தான் இங்க எழுதறேன்.

வங்காளத்துல கிறிஸ்துமஸுக்குப் பேர் பொரோதின். பெரிய நாள். (இலங்கைத் தமிழர்கள் நத்தார்னு சொல்றது போர்ச்சுகீசியர் விட்டுட்டுப் போன சொல். இங்க ஒரு பேர், அங்க ஒரு பேர்.) வருஷத்துலயே பகல் ரொம்பக் குறைஞ்சு கிடக்கிற நேரத்துல பெரிய நாளான்னு எங்கம்மா கேட்டாங்க. பகல் வளர ஆரம்பிக்கிற நேரம், அதனாலன்னு சிலர் சொல்றாங்க. வெள்ளைக்காரத் துரைகளுக்குப் பெரிய நாள், அதான் பேரே அப்படின்னு சிலர். எனக்கு ரெண்டாவதுதான் நம்பும்படியா இருக்கு. கம்பெனி காலத்துல துரை வீட்டு வேலைக்காரங்க, கணக்குப்பிள்ளைங்க, காண்டிராக்டர்கள் எல்லாரும் இந்த நாள்ல 'டாலி' கொண்டுபோய்க் கொடுப்பாங்க. டாலின்னா பழம், கேக், மிட்டாய், சிலசமயம் மது பாட்டில் அடுக்கின தட்டு. நம்ம ஊர்ல சீர்வரிசைத் தட்டு மாதிரி, ஆனா காரியத்துக்காக. வங்கில வேலை பார்க்கிற எனக்கு இது நல்லாவே புரியுது, புது வருஷத்துக்கு டைரியும் காலண்டரும் வந்து குவியறது அதோட பேரப்பிள்ளைதானே? துரை வீட்டு வாசல்ல பூமாலை தொங்கவிட்டு, வாழைமரமும் கட்டுவாங்களாம். கிறிஸ்துமஸுக்கு வாழைமரம்! 19ஆம் நூற்றாண்டுல இந்தியா முழுக்கச் சுத்தின ஃபேன்னி பார்க்ஸ்ங்கிற இங்கிலீஷ்காரம்மா, வேலைக்காரங்க வாசலுக்கு மாலை கட்டினதையும் தட்டுத் தட்டா இனிப்பு வந்ததையும் பதிலுக்குக் காசு கொடுத்ததையும் எழுதி வைச்சிருக்காங்க.

1859ல இறந்துபோன கவிஞர் ஈஸ்வர் சந்திர குப்தா 'பொரோதின்'ங்கிற தலைப்புலயே ஒரு கவிதை எழுதியிருக்கார். அவ்வளவு சீக்கிரமே வங்காளிக்கு இது பழக்கமான விஷயம்.

ஆனா வேடிக்கை பார்க்கிறது வேற, உள்ள எடுத்துக்கிறது வேற இல்லையா? அந்த ரெண்டாவது வேலையைச் செஞ்சது பிரம்ம சமாஜத்துக்காரங்களும் ராமகிருஷ்ணர் சீடர்களும். கேசவ சந்திர சென் 1866லயே ஏசு ஆசியாக்காரர், நம்மவர்னு கல்கத்தாவுல பேசினார். 1886 டிசம்பர் 24 ராத்திரி, ராமகிருஷ்ணர் மறைஞ்ச நாலு மாசத்துல, ஆண்ட்பூர்ங்கிற கிராமத்துல நரேந்திரனும் மத்த இளைஞர்களும் துனி மூட்டி உட்கார்ந்திருந்தாங்க. நரேந்திரன், அதாவது பின்னால விவேகானந்தர், ஏசுவோட வாழ்க்கையைச் சொல்லிக்கிட்டே இருந்திருக்கார். எல்லாரும் துறவு பூணுறதுன்னு அந்த நெருப்பு முன்னாடி முடிவு பண்றாங்க. அப்புறம்தான் அது கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரின்னே அவங்களுக்கு உறைச்சுதாம். பேலூர் மடத்துல இன்னிக்கும் டிசம்பர் 24 சாயங்காலம் ஏசு படத்துக்கு ஆரத்தி நடக்குது. சாந்திநிகேதன்ல தாகூர் 1910லேர்ந்து கிறிஸ்து விழா நடத்தினார். கீழ்வீட்டு தாதா ரெண்டு காரியமும் பண்றது முரணே இல்லன்னு இதைப் படிச்சப்புறம்தான் புரிஞ்சுது.

கேக் கதை இன்னும் சுவாரசியம். கிறிஸ்துமஸ் கேக்குக்கு நகரத்துலயே பேர்போன வரிசை நிக்கிறது நியூ மார்க்கெட்ல நாஹூம் கடையில. அது பாக்தாத்லேர்ந்து வந்த யூதர் ஒருத்தர் 1902ல தொடங்கின வியாபாரம். நியூ மார்க்கெட் 1874ல திறந்தது, கடை அங்க வந்தது 1916ல. யூதர் கடை, அடுப்படியில பெரும்பாலும் முஸ்லிம்கள், வரிசைல இந்துக்கள், பண்டிகை கிறிஸ்தவருது. இதை நான் அழகுக்குச் சொல்லலை, போய் நின்னு பார்த்தா தெரியும்.

சரி, கிரீடத்துக்கு வரேன்.

2018 டிசம்பர் வங்கிக்காரங்களுக்கு மறக்காது. 21 வெள்ளி அதிகாரிகள் சங்க வேலைநிறுத்தம். 22 நாலாவது சனி. 23 ஞாயிறு. 24 திங்கள் ஒரே ஒரு நாள் திறப்பு. 25 கிறிஸ்துமஸ். 26 மறுபடி எல்லாச் சங்கங்களும் சேர்ந்து வேலைநிறுத்தம், பேங்க் ஆஃப் பரோடாவோட விஜயா, தேனா வங்கிகளை இணைக்கிறதை எதிர்த்து. 31 காலாண்டு முடிவு. ஆறு நாள் வேலையை 20லயும் 24லயும் அடைச்சுக்கோன்னா எப்படி?

பையன் அப்போ எல்கேஜி. 20ஆம் தேதி காலையில பள்ளிக்கூடத்துல கிறிஸ்துமஸ் நாடகம். மூணு ராஜாக்கள்ல மூணாவது ராஜா அவன். வசனம் கிடையாது, சாம்பிராணிப் பெட்டியை நீட்டணும், அவ்வளவுதான். ஊர்லேர்ந்து வந்திருந்த எங்கம்மா கம்ப்யூட்டர் சாம்பிராணி டப்பாவுக்கே ஜிகினா ஒட்டிக் கொடுத்தாங்க. தங்கமணி ரெண்டு ராத்திரி உட்கார்ந்து கிரீடம் செஞ்சாங்க. நான் "கண்டிப்பா வருவேண்டா"ன்னு சத்தியம் பண்ணியிருந்தேன்.

போகலை. மறுநாள்லேர்ந்து மூணு நாள் மூடல்னு தெரிஞ்சு அன்னிக்குக் காலையிலயே வாசல்ல கூட்டம், ஏடிஎம்முக்குப் பணம் நிரப்பணும், கூட வேலை பார்க்கிறவர் லீவு. மேடையில ராஜா டப்பாவை நீட்டாம கூட்டத்தையே தேடிக்கிட்டு நின்னாராம். டீச்சர் வந்து கையைப் பிடிச்சு நீட்டினாங்களாம். தங்கமணி இதைச் சொன்னப்போ திட்டலை. திட்டியிருந்தா பரவாயில்ல.

அன்னிக்கு ராத்திரி எனக்கு எங்கப்பா ஞாபகம் வந்துச்சு. அவரும் வங்கிதான், கும்பகோணத்துல. இப்ப இருக்கிறவங்களுக்குத் தெரியாது, அந்தக் காலத்துல வங்கிகளுக்குக் கணக்கு வருஷம் டிசம்பர் 31ல முடியும். 1989லேர்ந்துதான் மார்ச் 31 ஆச்சு. அதனால அரைப்பரீட்சை லீவு முழுக்க அப்பா வீட்டுல இருக்க மாட்டார். லெட்ஜர்ல ஒரு ரூபா பன்னெண்டு பைசா உதைக்குதுன்னு மூணு ராத்திரி தேடினதை அம்மா இன்னிக்கும் சொல்லுவாங்க. டிபன் கேரியரை நானும் அண்ணனும் சைக்கிள்ல கொண்டுபோய்க் கொடுப்போம். பச்சை விளக்கு, தடித்தடியா லெட்ஜர், அப்பா தலை நிமிராமலே "வச்சுட்டுப் போங்கடா"ன்னு சொன்னது... அந்தக் குரல் எனக்குள்ள எப்ப வந்து உட்கார்ந்துச்சுன்னு தெரியல. அவருக்குக் கம்ப்யூட்டர் இல்ல, எனக்கு இருக்கு. அதைத் தவிர என்ன மாறிச்சு?

24 சாயங்காலம் கேக் வாங்கித் தரேன்னேன், வீடு வந்தப்போ மணி பத்து. 25ஆம் தேதி பார்க் ஸ்ட்ரீட் போனோம். அங்க விளக்கு அலங்காரம், மேடை, பாட்டுன்னு அரசாங்கமே 2011லேர்ந்து விழா எடுக்குது. அப்போ சால்ட் லேக்லேர்ந்து மெட்ரோ கிடையாது. (இப்போ 2025 ஆகஸ்ட்லேர்ந்து செக்டர் ஃபைவ்ல ஏறினா ஹவுரா மைதான் வரைக்கும் போகலாம், எஸ்பிளனேட்ல இறங்கினா நியூ மார்க்கெட் நடந்துடும்.) டாக்ஸில ரெண்டு மணி நேரம், அப்புறம் நடை. தோள்ல பையன், கையில பொண்ணு, முன்னால தலை தலை தலை. மூணாவது நிமிஷம் பொண்ணு மூச்சு முட்டுதுன்னு அழ, திரும்பிட்டோம். "பொரோதின் முடிஞ்சு போச்சாப்பா?"ன்னு கேட்டான் பையன்.

அப்பத்தான் கிளையில ஒரு வாடிக்கையாளர், ஓய்வு பெற்ற வாத்தியார், பேச்சுவாக்குல சொன்னார், "கல்கத்தாவுல கிறிஸ்துமஸ் இன்னொண்ணு பாக்கியிருக்கே சார், ஆர்மேனியர்களுது, ஜனவரி 6"ன்னு.

ஆரம்பகால கிறிஸ்தவத்துல கிழக்குப் பக்கம் ஏசு பிறந்ததையும் ஞானஸ்நானம் வாங்கினதையும் சேர்த்து ஜனவரி 6லதான் கொண்டாடியிருக்காங்க. நாலாம் நூற்றாண்டுல ரோம் டிசம்பர் 25னு வைச்சு, மத்தவங்க ஒவ்வொருத்தரா மாறினாங்க. ஆர்மேனியர்கள் மாறலை. மேற்கத்திய சபைகளுக்கு அதே ஜனவரி 6 மூணு ராஜாக்கள் வந்து சேர்ந்த நாள். நம்ம ராஜாவுக்குத் தோதான தேதி! 2019ல அது ஞாயித்துக்கிழமையா வேற விழுந்துச்சு.

புர்ரா பஜார் சந்துகளுக்குள்ள, மூட்டை தூக்கறவங்களுக்கு நடுவுல இருக்கு அந்த நாசரேத் தேவாலயம். 1724ல கட்டினது. முற்றம் பூரா கல்லறைக் கற்கள், அதுக்கு மேலயேதான் நடக்கணும். ரேஸாபீபீங்கிற அம்மாவோட கல்லுல இருக்கிற தேதியை 1630 ஜூலை 11னு படிக்கிறாங்க. அப்படின்னா ஜாப் சார்னக் 1690ல வந்து இறங்கறதுக்கு அறுபது வருஷம் முன்னாடி. கல்கத்தாவை இங்கிலீஷ்காரன்தான் உண்டாக்கினான்னு படிச்சதெல்லாம் அந்தக் கல்லு முன்னாடி கொஞ்சம் ஆட்டம் காணுது. முந்தின வாரம் எங்களை நசுக்கின பார்க் ஸ்ட்ரீட்லகூட ஃப்ளூரிஸ் இருக்கிற ஸ்டீபன் கோர்ட், அராதூன் ஸ்டீபன்ங்கிற ஆர்மேனியர் கட்டினது. கிராண்ட் ஹோட்டலும் அவர்தான்.

நமக்கும் இவங்க தூரத்து மனுஷங்க இல்ல. சென்னையில ஆர்மேனியன் தெரு வழியா எத்தனை தடவை நடந்திருப்பேன், உள்ள போனதே இல்ல. சைதாப்பேட்டைல அடையாத்துக்குக் குறுக்க 1726ல பாலம் கட்டினதும், பரங்கிமலைக்குப் படி வைச்சதும் கோஜா பெட்ரூஸ் உஸ்கான்ங்கிற ஆர்மேனிய வியாபாரி. உலகத்தோட முதல் ஆர்மேனியப் பத்திரிகை 'அஸ்தரார்' அச்சானதும் 1794ல மதராஸ்லதான். சொந்த நாட்டுலேர்ந்து எங்கயோ வந்து, கணக்கு எழுதி, பிள்ளை வளர்த்து, தங்களோட தேதியை மட்டும் விடாம வைச்சிருந்த ஜனங்க. ஜனவரி 6 அவங்களைத் தவிர ஊருக்கெல்லாம் வேலைநாள்தான். எங்களுக்குப் பொங்கல் மாதிரி.

உள்ள கூட்டமே இல்ல. ஆர்மேனியப் பள்ளிப் பிள்ளைங்க, கொஞ்சம் பெரியவங்க, எங்களை மாதிரி வேடிக்கை பார்க்க வந்த சிலர். பாட்டு ஒரு சொல் புரியல. தூபக்கலசத்தை ஆட்டிக்கிட்டு வந்தாங்க, புகை எங்க வரிசைக்கு வந்ததும் பையன் "பாட்டி சாம்பிராணி!"ன்னு சத்தமாவே சொல்லிட்டான். அம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க.

வெளிய முற்றத்துக்கு வந்ததும் பையைத் திறந்து கிரீடத்தை எடுத்துத் தலைல வைச்சுக்கிட்டான். கொண்டுவந்ததே எனக்குத் தெரியாது. அங்க இருந்த ஒரு பெரியவர் குனிஞ்சு வங்காளில "நீங்க யாரு?"ன்னு கேட்டார். "ஆமி ராஜா"ன்னான். ஜிகினா டப்பாவை எடுத்து என்கிட்ட நீட்டினான். நான் மண்டி போட்டு வாங்கிக்கிட்டேன். தங்கமணி அந்தப் பக்கம் திரும்பி ஏதோ கல்லறை எழுத்தைப் படிச்சுக்கிட்டிருந்தாங்க, ஆர்மேனிய எழுத்து!

திரும்பி வரும்போது நியூ மார்க்கெட் போனோம். நாஹூம்ல அன்னிக்கு வரிசை கொஞ்சம்தான். ஒரு பிளம் கேக் வாங்கி, டாக்ஸிலயே பிய்ச்சுத் தின்னுட்டோம். டப்பாவுல மூணு சாம்பிராணி மிச்சம் இருந்துச்சு, அம்மா போகிக்கு மறுநாள் ஏத்தினாங்க.