எலும்பில்லாத இடத்து எக்ஸ்ரே

கை முறிந்தால் படம் எடுப்பது சுலபம். எலும்பு தானாகவே வெள்ளையாக விழுந்துவிடும். மார்பகத்தில் எலும்பே கிடையாது. கொழுப்பு, சுரப்பி, கட்டி எல்லாமே கதிரை ஏறக்குறைய ஒரே அளவில்தான் தடுக்கும். ஓய்வு பெறும்வரை ரேடியோகிராஃபராக நான் மல்லுக்கட்டியது இந்தச் சின்ன வித்தியாசத்தோடுதான்.

1913இல் பெர்லினில் ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், வெட்டி எடுத்த சுமார் 3,000 மார்பகங்களைப் படம் பிடித்து ஆராய்ந்தார். பிறகு உருகுவேயில் ராவுல் லெபோர்ன், அழுத்திப் பிடித்து எடுத்தால் படம் தெளியும் என்று காட்டினார். பெரிய திருப்பம் 1960களில் பிரான்ஸில் வந்தது. சார்ல் குரோ மாலிப்டினம் வைத்த கருவியைக் கொண்டுவந்தார். வழக்கமான டங்ஸ்டன் குழாயின் வலுவான கதிர் எல்லாவற்றையும் ஊடுருவிப் போய்விடும். மாலிப்டினத்தின் கதிர் 17.5, 19.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட்தான். அந்த மெலிந்த கதிருக்குத்தான் கொழுப்பும் சுரப்பியும் தனித்தனியாகப் படும். ஆனால் தடித்த சதையை அது எளிதில் தாண்டாது. அதனால்தான் அழுத்தம்.

நான் வேலை பார்த்த சிங்கப்பூரில் 1994 முதல் 1997 வரை 50இலிருந்து 64 வயது வரையுள்ள பெண்களுக்குப் பெரிய அளவில் மேமோகிராம் என்ற இந்த மார்பக எக்ஸ்ரே சோதனை நடந்தது. 28,231 பேர் வந்தார்கள். அழைப்பு போனவர்களில் பாதிக்கும் மேல் வரவில்லை. அதன் முடிவுகளை வெளியிட்ட குழுவில் முதல் பெயர், பின்னாளில் தற்காப்பு அமைச்சரான டாக்டர் இங் எங் ஹென். 2002 ஜனவரியில் பிரெஸ்ட்ஸ்கிரீன் சிங்கப்பூர் என்ற மார்பகப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியபின், பலதுறை மருந்தகங்களிலேயே மேமோகிராம் எடுக்க வழி வந்தது.

வராதவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. வலி உண்டு, கூச்சம் அதைவிட அதிகம்.

சிராங்கூன் சாலைப் பக்கமிருந்து வரும் நம் அம்மாக்களிடம் என் முதல் கேள்வி, "ஆன்ட்டி, பவுடர் போட்டிருக்கீங்களா?" அக்குளில் படிந்த பவுடர், புற்றின் ஆரம்ப அடையாளமாகிற சுண்ணாம்புப் புள்ளிகளைப் போலவே படத்தில் விழும். ஈரத்துணி கொடுத்துத் துடைக்கச் சொல்வேன். அடுத்தது தாலி. கழற்ற மாட்டார்கள், கழற்றச் சொல்லி நான் வற்புறுத்தியதும் இல்லை. கொடியை முதுகுப் பக்கம் தள்ளி டேப் ஒட்டிவிடுவேன். பிறகு தகடு இறங்கும்.

"வலிக்குதும்மா."

"கொஞ்சம் பொறுத்துக்குங்க ஆன்ட்டி, மூச்சு விடாதீங்க."

சில நொடிகள்தான். அந்த அழுத்தத்தில் சிதறும் கதிர் குறைகிறது, உடம்பில் ஏறும் கதிர் அளவும் குறைகிறது, ஒன்றன்மேல் ஒன்று படிந்த திசு விரிந்துகொடுக்கிறது. அவர்கள் பொறுத்துக்கொண்டதால்தான் படம் தெளிந்தது.

ஃபிலிம் போய் டிஜிட்டல் வந்ததும், வெளுப்பையும் கறுப்பையும் திரையிலேயே கூட்டிக் குறைக்க முடிந்தது. ஆனால் ஆசியப் பெண்கள் பலருக்குச் சுரப்பித் திசு அடர்த்தியாக இருக்கும். அங்கே திசுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. மருத்துவர் சந்தேகப்பட்டால், அவர்களை அல்ட்ராசவுண்டுக்கும் அனுப்புவோம்.