பாதையின் உரிமை

கல்வராயன் மலை ஒன்றே. ஆட்சிக் கணக்கில் அதன் கிழக்குப் பகுதி கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், மேற்குப் பகுதி சேலம் மாவட்டத்திலும் அடங்கும். கிழக்குப் பகுதியிலுள்ள கரியாலூரில் ஒரு திருவிழா நாளில் தங்க நேர்ந்தது. மலைவாழ் மக்களின் மேள ஓசை காடெங்கும் நிறைந்திருந்தது. உடன் வந்த மத்ரஸா மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், இவ்வோசை நம் பள்ளிவாசல் வீதியில் எழுந்தால் தடுக்க நமக்கு உரிமை உண்டா?" என்று வினவினார். அவ்வினாவுக்குரிய விடையில் ஒரு பாதி, அம்மலைக்கு மேற்கேயுள்ள சேலம் நகரின் வரலாற்றில் இருக்கிறது.

1882ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சேலம் பற்றி எரிந்தது. பள்ளிவாசலைக் கடந்து இந்துக்களின் ஊர்வலம் வாத்தியங்களுடன் செல்லலாமா என்பதே வழக்கு. நெடுநாள் அண்டை அயலாராய் வாழ்ந்தோர் ஒருவரையொருவர் தாக்கினர். பள்ளிவாசலும் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. கலகத்தைத் தூண்டியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுள் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியாரும் ஒருவர். கீழ் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை விதித்தது. சென்னை உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. காலத்தின் போக்கைப் பாருங்கள்! 1920இல் நாகபுரிக் காங்கிரஸுக்கு அவரே தலைமை வகித்தார். கிலாபத்துக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் ஒரு காரணமாகக் கொண்ட ஒத்துழையாமைத் தீர்மானம் அம்மாநாட்டில்தான் உறுதி பெற்றது.

சேலத்து ஊர்வலப் பிரச்சினை 1883இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு வந்தது. சுந்தரம் செட்டி வழக்கு என்று சட்ட நூல்கள் அதனைக் குறிக்கும். பொதுச் சாலை எந்தச் சமயத்தாருக்கும் தனியுடைமையன்று. எச்சமயத்தாரும் தம் ஊர்வலத்தை வாத்தியங்களுடன் அதன் வழியே நடத்தலாம் என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அவ்வுரிமைக்கு வரம்புகள் உண்டு. வழிபாட்டிற்காகக் கூடியிருப்போருக்கு இடையூறு செய்தலாகாது. சாலையைப் பயன்படுத்தும் பிறரின் உரிமையைப் பறித்தலாகாது. அமைதி காக்க அதிகாரிகள் சட்டப்படி இடும் கட்டளையை மீறலாகாது.

இத்தீர்ப்பினால் முஸ்லிம்கள் இழந்தனர் என்று எண்ணுவோர் அடுத்த வழக்கையும் அறிதல் வேண்டும். வட இந்தியாவில் ஔரங்காபாத் என்னும் ஊரில் ஷியாக்கள் முஹர்ரம் ஊர்வலம் நடத்தினர். பள்ளிவாசலருகே அவர்கள் மாதம் செய்வதை ஸுன்னிகள் ஆட்சேபித்தனர். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1924இல் அம்மன்றம், சென்னைத் தீர்ப்புகளின் வழிநின்று ஷியாக்களின் ஊர்வல உரிமையை ஏற்றது. சேலத்தில் இந்துக்களுக்குக் கிடைத்த நீதியே முஸ்லிம்களில் ஒரு சாராருக்குப் பாதுகாப்பாயிற்று.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சாசனம் 25ஆம் விதியில் சமய சுதந்திரத்தை வழங்கும்போது, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் அதனை உட்படுத்தியே வழங்கியது. சென்னைத் தேவாலயம் ஒன்றின் ஒலிபெருக்கி பற்றிய வழக்கில், பிறர் அமைதியைக் குலைத்துத் தொழுமாறு எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் கூறிற்று. பாங்கொலிக்கும் பஜனைக்கும் பொதுவான சொல் அது.

கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரம்பலூர் மாவட்டத்து வி.களத்தூரில் 2011 வரை நடந்துவந்த கோயில் ஊர்வலத்திற்கு, 2012 முதல் நம்மவரிடமிருந்து ஆட்சேபம் எழுந்தது. 2021இல் உயர்நீதிமன்றம் அவ்வாட்சேபத்தை ஏற்க மறுத்தது. ஓர் ஊரில் ஒரு சமயத்தார் மிகுதி என்பதற்காகப் பிறர் விழாவைத் தடுக்கலாமெனில், நாட்டின் பெரும்பாலான இடங்களில் சிறுபான்மையோர் எவ்விழாவும் நடத்த இயலாது போகுமே என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டினர். நாகப்பட்டினத்திலிருந்து நாகூருக்குச் செல்லும் சந்தனக்கூடு எத்தனை வீதிகளைக் கடக்கிறது! அவ்வீதிகளில் வாழ்வோர் அனைவரும் நம்மவரா?

விடையின் மறுபாதி நம் கிதாபுகளிலேயே இருக்கிறது. ஹாரூன் ரஷீதின் காலத்துக் காழி இமாம் அபூயூஸுஃப் (ரஹ்) அவர்கள் 'கிதாபுல் கராஜ்' என்னும் நூலில், ஃபுராத் நதிக்கரையிலுள்ள ஆனாத் நகரத்தாரோடு காலித் இப்னு வலீத் (ரலி) அவர்கள் செய்த உடன்படிக்கையைப் பதிந்துள்ளார்கள். அங்குள்ள கிறிஸ்தவர்களின் ஆலயங்கள் இடிக்கப்பட மாட்டா. தொழுகை வேளைகள் நீங்கலாக, இரவிலோ பகலிலோ அவர்கள் விரும்பும் நேரத்தில் நாகூஸ் ஒலிக்கலாம். பெருநாட்களில் சிலுவைகளை ஏந்தி வெளியே வரலாம். நாற்பெரும் கலீஃபாக்களுள் எவரும் இதனை மாற்றவில்லை என்றும் இமாமவர்கள் குறிப்பிடுகின்றார்கள். அந்நூலிலேயே வேறு உடன்படிக்கைகளில் கடுமையான நிபந்தனைகளும் உள்ளன. அவற்றை மறைப்பது கல்விக்கு அழகன்று. எனினும், வெற்றி வாளேந்தி நின்ற தளபதி ஒப்பிய வரம்பும், 1883இல் சென்னை நீதிபதிகள் வகுத்த வரம்பும் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன! இரண்டும் விழாவை அனுமதித்தன; இரண்டும் தொழுவோரின் அமைதியைக் காத்தன.

பாதையோரங்களில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கூறினார்கள். தவிர்க்க இயலாதென அவர்கள் சொன்னபோது, அவ்வாறாயின் பாதைக்குரிய உரிமையை அதற்குக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துதல், துன்பம் தராதிருத்தல், ஸலாமுக்குப் பதிலுரைத்தல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவை அவ்வுரிமை என விளக்கினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்ற ஹதீஸ் இது. பாதையில் நமக்குள்ள உரிமை என்ன என்றே நாம் கேட்கிறோம். பாதைக்கு நம்மீதுள்ள உரிமை என்ன என்று கேட்கப் பழகவில்லை.

அன்று அம்மாணவருக்குச் சொன்னேன்: "தடுக்க நமக்கு உரிமை இல்லை. ஜமாஅத் நடக்கும் வேளையில் மட்டும் மேளத்தை நிறுத்தியருளுமாறு அவ்வூர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சென்று கேட்க உரிமை உண்டு."

சற்று நேரம் மௌனமாயிருந்தவர் கேட்டார்: "அப்படியானால், நம் மீலாது ஊர்வலம் கோயில் வாசலைக் கடக்கும்போது?"

"அவர்கள் வந்து கேட்கும் வரை நாம் காத்திருக்கலாகாது" என்றேன்.