பட்டா இல்லாத தோட்டங்கள்

நகரங்களின் வரலாற்றில் மேயர்களுக்கும் கட்டடக் கலைஞர்களுக்கும் இடமுண்டு. குப்பை அள்ளி மண் கொட்டியவர்களுக்கு இல்லை. நியூயார்க்கின் சமூகத் தோட்டங்களை நான் பெண்களின் உழைப்பு வரலாறாக வாசிப்பது அதனால்தான்.

புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் பகுதியில் வாழ்ந்த ஹாட்டி கார்த்தன் என்ற கறுப்பினப் பெண், அறுபது வயதைக் கடந்தபின் அக்கம்பக்கத்தாரைத் திரட்டித் தெருவில் மரம் நடத் தொடங்கினார். அங்கே 19ஆம் நூற்றாண்டில் தென்மாநிலத்திலிருந்து கொண்டுவந்து நட்ட மக்னோலியா மரம் ஒன்று இருந்தது. கார்த்தனும் தெற்கே வர்ஜீனியாவில் பிறந்தவர்தான். இடிப்புத் திட்டத்திலிருந்து அம்மரத்தைக் காக்கப் போராடினார். 1970இல் நகரம் அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. தெருமரங்களைப் பேணும் வேலையை அவர் சிறுவர் சிறுமியருக்கும் கற்றுக்கொடுத்தார்.

1970களில் நியூயார்க் கடும் நிதி நெருக்கடியில் இருந்தது. உரிமையாளர்கள் கைவிட்ட கட்டடங்கள் எரிந்தும் இடிந்தும் போக, ஏழைகள் வாழும் பகுதிகளில் காலிமனைகள் பெருகின. 1973இல் மன்ஹாட்டனில் ஓவியர் லிஸ் கிறிஸ்டியும் நண்பர்களும் ‘கிரீன் கெரில்லாஸ்’ என்ற பெயரில் இயங்கினார்கள். விதை அடைத்த உருண்டைகளை வேலிக்கு மேலாக அம்மனைகளுக்குள் வீசினார்கள். பவரி, ஹூஸ்டன் தெருக்களின் சந்திப்பிலிருந்த குப்பைமேட்டை அகற்றிக் காய்கறிப் பாத்திகள் போட்டார்கள். 1974இல் நகர நிர்வாகம் அந்த மனையை மாதம் ஒரு டாலர் வாடகைக்குக் கொடுத்தது. இன்று அங்கே குளமும் மீன்களும் ஆமைகளும் உண்டு. 1985இல் மறைந்த கிறிஸ்டியின் பெயரையே அத்தோட்டம் தாங்கியிருக்கிறது.

அந்த ஒரு டாலர்தான் என்னை யோசிக்கவைக்கிறது. உழைக்க அனுமதி கிடைத்தது, பட்டா கிடைக்கவில்லை. வீட்டுக்குள் பெண்கள் செய்யும் வேலைக்கு நேர்வதும் இதுதானே? வீட்டைப் பேணுபவள் ஒருத்தி, பத்திரத்தில் இருப்பது வேறு பெயர்.

இதன் விளைவு 1999இல் தெரிந்தது. மனைகளின் விலை ஏறியிருந்தது. மேயர் ரூடி ஜூலியானியின் நிர்வாகம் நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. தோட்டக்காரர்கள் வீதியில் இறங்கினார்கள், வழக்குத் தொடுத்தார்கள். ஏலத்துக்கு முந்தைய நாள், பாடகி பெட் மிட்லர் தொடங்கிய அமைப்பும் மற்றொரு அறக்கட்டளையும் அத்தோட்டங்களை விலைகொடுத்து வாங்கிக் காப்பாற்றின. போராட்டம் அந்த நாளைச் சாத்தியமாக்கியது. ஆனால், பல ஆண்டுகள் தண்ணீர் ஊற்றியது நிலத்தின்மீது உரிமையாகக் கணக்கில் வரவில்லை, பணம்தான் வந்தது.

சமூகத் தோட்டம் இயற்கையோடு நம்மை இணைக்கிறது என்று பாராட்டும்போதெல்லாம் நாம் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்க வேண்டும்: அந்த நிலம் யார் பெயரில் இருக்கிறது?