ஹைபெர்க், யோஹான் லுட்விக் (1854–1928)

டென்மார்க் நாட்டுப் பேரறிஞர். பண்டைக் கிரேக்கக் கணித நூல்களின் மூலபாடங்களைச் சுவடிகளினின்றும் ஆராய்ந்து பதிப்பித்தவர். ஓல்போர்க் நகரில் பிறந்து, 1879-இல் ஆர்க்கிமிடீஸ் பற்றிய ஆராய்ச்சியால் டாக்டர் பட்டம் பெற்று, சிலகாலம் பள்ளித் தலைமையாசிரியராயிருந்து, 1896-இல் கோபன்ஹேகன் சர்வகலாசாலைப் பேராசிரியரானார்.

ஆர்க்கிமிடீஸின் நூல்களை 1880–81-இலும், யூக்ளிடின் பதின்மூன்று காண்டக் க்ஷேத்திரகணிதத்தை 1883 முதலும், அப்பொலோனியஸின் கூம்புவெட்டு நூலை 1891–93-இலும் வெளியிட்டார். யூக்ளிடுக்கு, தேயோன் என்னும் பிற்காலக் கிரேக்க அறிஞர் திருத்தியமைத்த பாடத்திற்கு முற்பட்டதெனக் கருதப்படும் வாட்டிகன் சுவடியையே பிரதானமாகக் கொண்டார். அரபு மொழிபெயர்ப்புகளே தூய பாடத்தைக் காப்பன என்று கிளாம்ரோத் 1881-இல் கூறியதை இவர் மறுத்தார். 1996-இல் வில்பர் நார் கிளாம்ரோத்தின் வாதத்தைப் புதுப்பித்தமையால், இவ்விவாதம் முடிந்துவிட்டதென்று கூறுவதற்கில்லை.

1899-இல் பாப்படோபூலோஸ்-கெராமியஸ் வெளியிட்ட சுவடிப்பட்டியலில், கான்ஸ்டான்டிநோபிளிலிருந்த ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தின் அடியில் மங்கித் தெரிந்த கணித வரிகள் சில எடுத்துக்காட்டப்பட்டிருந்தன. அவை ஆர்க்கிமிடீஸின் வாக்கியங்களே என உணர்ந்த ஹைபெர்க், 1906-இல் அந்நகருக்கே சென்று, பத்தாம் நூற்றாண்டில் எழுதப்பெற்றுப் பதின்மூன்றாம் நூற்றாண்டில் சுரண்டப்பட்டு ஜபங்கள் மேலெழுதப்பட்ட அத்தோலேடுகளை, பூதக்கண்ணாடியைத் துணையாகக் கொண்டு, எழுத்தெழுத்தாய்ப் படித்தார். லத்தீன் மொழிபெயர்ப்பால் மட்டுமே அறியப்பட்டிருந்த மிதக்கும் பொருள்களைப் பற்றிய நூலின் கிரேக்க மூலம் அதில் கிடைத்தது. அதனினும் மேலாக, அழிந்துபோயிற்றென்றே கருதப்பட்டிருந்த, ஆர்க்கிமிடீஸ் எரடோஸ்தனிஸுக்கு விடுத்த கடிதவடிவான 'முறை' என்னும் நூல் கிடைத்தது. உருவங்களை மெல்லிய துண்டங்களாகக் கற்பித்து, அவற்றைத் துலாக்கோலில் ஒன்றற்கொன்று எதிராக நிறுத்தி, கோளத்தின் கனபரிமாணம் முதலியவற்றை முன்னுணர்ந்து, பின்னரே க்ஷேத்திரகணித நிரூபணம் தேடிய அம்மேதையின் சிந்தனைப் போக்கையே அந்நூல் கண்முன் நிறுத்துகிறது. கணித சரித்திரத்தில் இதற்கு நிகரான கண்டுபிடிப்புகள் மிகச் சிலவே. 1907-இல் 'ஹெர்மெஸ்' என்னும் சஞ்சிகையில் மூலத்தை அச்சிட்ட ஹைபெர்க், 1910–15-இல் ஆர்க்கிமிடீஸ் பதிப்பு முழுவதையும் புதுக்கினார். தாமஸ் ஹீத்தின் ஆங்கில ஆக்கம் 1912-இல் வந்தது.

டாலமியின் வானநூற் பதிப்பும் இவருடையதே.

சுவடிகளிலுள்ள வரைபடங்களை உள்ளவாறே தராது சீர்செய்து தந்தார் என்ற குறை அண்மையில் கூறப்படுகிறது. கான்ஸ்டான்டிநோபிளில் இவர் படித்த ஆர்க்கிமிடீஸ் சுவடி 1998-இல் நியூயார்க்கில் 20 லட்சம் டாலருக்கு ஏலம்போய், பால்டிமோரில் நவீன ஒளிப்படக் கருவிகளால் ஆராயப்பட்டபோது, இவரால் படிக்கவியலாத சில பகுதிகளும் வெளிப்பட்டன. இடைக்காலத்தில் பூஞ்சையால் சிதைந்த ஏடுகளின் முந்தைய நிலையை அறிய, இவர் எடுப்பித்த புகைப்படங்கள் அவ்வாராய்ச்சியாளர்க்கு உதவின.